பம்பாய் நகரசபையும் ஸர் பிரோஸ்ஷா மேத்தாவும்

தேசத் தொண்டில் இறங்கியுள்ள நம் இளைஞரிடையே ஒரு மனப்பான்மை நெடுநாளாக வேரூன்றி நிற்கின்றது. மகாநாட்டுப் பந்தலில் கூடித் தீர்மானம் நிறைவேற்றுவது தேச காரியம். தெருவில் விளக்கு எரிகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, வரிப்பணம் எவ்வழியிற் செலவாகிறது என்று விசாரிப்பது சில்லறைக் காரியம் என்பது அவர்கள் எண்ணம். நகரசபையில் ஓர் ஆசனம் பெறுவதைச் சட்டசபைக்குச் செல்லும் படிக்கட்டாக மட்டும் கருதுவோரும் உளர். ஆசனம் கிடைத்த பின்னர், மாதாந்தரக் கூட்டத்துக்கு வந்து கையெழுத்திட்டு, நிகழ்ச்சிக் குறிப்பைப் பிரித்தும் பாராமல் வீடு திரும்புவோரும் உளர். ஊர்க் காரியமும் தேச காரியமும் வெவ்வேறல்ல, ஒன்றன் பயிற்சியே மற்றொன்றன் பலம் என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் செய்து காட்டிய ஒருவரின் சரித்திரத்தை அத்தகையோருக்கு நினைப்பூட்ட விரும்புகிறோம். அவர் பம்பாய் ஸர் பிரோஸ்ஷா மேத்தா.

மேத்தாவின் பெயர் தமிழ்நாட்டுத் தேசபக்தர் பலருடைய செவிக்கு இனித்ததில்லை. 1907-ம் வருஷம் டிசம்பரில் சூரத்தில் கூடிய காங்கிரஸ் மகாசபை பிளவுண்டபோது, அவர் மிதவாதிகள் பக்கம் தூண்போல் நின்றார். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய பாரதியும் அம்மகாசபைக்குத் திலகர் கட்சியினராகச் சென்றவர்கள். ஆகவே, நம் முன்னோர் எந்த அணியை எதிர்த்து நின்றனரோ, அந்த அணியின் தலைவரைப் பற்றியே எழுதத் துணிந்தோம். எதிரணியில் நின்றார் என்பதற்காக ஒருவருடைய வேலையைப் பாராதிருந்தால், நஷ்டம் நமக்கேயன்றி அவருக்கன்று. அவருடைய குற்றங்களையும் நாம் மறைக்கப் போவதில்லை.

மேத்தா 1845-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 4-ந் தேதி பம்பாயில் ஒரு பார்ஸி வர்த்தகக் குடும்பத்தில் பிறந்தார். எல்பின்ஸ்டன் கலாசாலையில் பயின்று 1864-ல் பி.ஏ. பட்டமும், பின்னர் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அக்கலாசாலைத் தலைவர் ஸர் அலெக்ஸாண்டர் கிராண்ட் இவ்விளைஞரின் கூர்மையைக் கண்டு, சட்டம் பயில இங்கிலாந்து செல்வதற்கான உபகாரச் சம்பளத்துக்குச் சிபாரிசு செய்தார். லண்டனில் தாதாபாய் நௌரோஜியின் பழக்கம் வாய்த்தது. இந்தியாவின் வறுமையைக் கணக்குக் காட்டி வாதித்த அம்முதியவரிடம் கற்ற பாடம் மேத்தாவின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. கண்ணீர் விடுவதைவிடக் கணக்குக் கேட்பது சர்க்காரை அதிகமாக அசைக்கும் என்பதே அப்பாடம். 1868-ல் பாரிஸ்டராகத் தாய்நாடு திரும்பினார்.

அக்காலத்துப் பம்பாயின் நிலைமையைச் சிறிது விளக்குவது அவசியம். 1865-ம் வருஷச் சட்டப்படி நகர நிர்வாகம் முழுவதும் ஒரு கமிஷனர் கையில் இருந்தது. அவரைக் கண்காணிக்க வேண்டியவர்கள் சர்க்காரால் நியமிக்கப்பட்ட ஜஸ்டிஸ்கள் என்னும் கனவான்கள். அவர்களை ஜனங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஆதலால் ஜனங்களுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதுமில்லை. கமிஷனராயிருந்த ஆர்தர் கிராபோர்டு சுறுசுறுப்பும் வேகமும் மிகுந்தவர். சாக்கடை, சாலை, சந்தை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சீர்படுத்த முனைந்தார். ஊர் சுத்தமாயிற்று, ஆனால் பணம் தண்ணீராய் ஓடிற்று. வரி ஏறிற்று. 1871-ல் வரி கொடுப்போரின் கோபம் மூண்டு எழுந்தது. கமிஷனரைத் தொலைத்தால் போதும் என்று ஊரெங்கும் கூக்குரல் கேட்டது.

அவ்வருஷம் பிராம்ஜி காவஸ்ஜி மண்டபத்தில் மேத்தா ஒரு வியாசம் படித்தார். அப்போது அவருக்கு வயது 26. ஊர் முழுவதும் ஒரு பக்கம் நிற்க, அவர் மறு பக்கம் நின்றார். கிராபோர்டின் செலவைக் குறை கூறுவது எளிது. ஆனால் நோய் மனிதரிடத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது என்பது அவர் வாதம். யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத சபையின் கீழ் எந்தக் கமிஷனர் வந்தாலும் இதுவே நேரும். ஆகவே, காரியம் நடத்தும் அதிகாரம் ஒரே அதிகாரியிடம் இருக்கட்டும். அவ்வதிகாரி வரி கொடுப்போரால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்கு அடங்கியிருக்கட்டும் என்று அவர் யோசனை கூறினார். கேட்டவர்கள் சீறினார்கள். எனினும், அடுத்த வருஷம் பிறந்த 1872-ம் வருஷ முனிசிபல் சட்டம் பெரும்பாலும் அவர் காட்டிய வழியையே பின்பற்றிற்று. ஜனக் கோபத்தோடு சேர்ந்து கூவுவது அன்று அவருக்குப் பெரும் புகழ் தந்திருக்கும். கோபத்தின் காரணத்தை ஆராய்ந்து, அதற்கு ஒரு பரிகாரத்தையும் எழுதிக் கொடுப்பதே ஜனப்பிரதிநிதியின் தொழில் என்று அவர் கொண்டார்.

அச்சட்டப்படி அமைந்த கார்ப்பரேஷனில் அங்கத்தினர் 64 பேர். அவர்களில் 32 பேரை வரி கொடுப்போரும், 16 பேரை ஜஸ்டிஸ்களும் தேர்ந்தெடுத்தனர். எஞ்சிய 16 பேரைச் சர்க்கார் நியமித்தது. பாதியளவேனும் ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை என்பது அந்நாளில் சிறு விஷயமன்று. மேத்தா அச்சபையில் அங்கத்தினரானார். 1915-ல் கண்மூடும் வரையில், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அச்சபையே அவருக்கு இரண்டாவது வீடாயிருந்தது. 1884, 1885, 1905, 1911 ஆகிய நான்கு வருஷங்களில் அதன் தலைவராகவும் விளங்கினார்.

இந்நாற்பது ஆண்டுகளில் அவர் செய்த வேலை யாது? பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போடத்தக்கதாக அதில் மிகுதியில்லை. மாதந்தோறும் கூட்டம், கூட்டந்தோறும் ஒரு கட்டுக் காகிதம். வரவு செலவுத் திட்டம், குத்தகை, குடிநீர், சாக்கடை, ஆஸ்பத்திரி, ஆரம்பப் பள்ளிக்கூடம், சிப்பந்திகளின் சம்பளம், சர்க்காரிடமிருந்து வந்த கடிதம், அதற்கு அனுப்ப வேண்டிய பதில் இவையே விஷயங்கள். மேத்தா அவற்றைப் படித்து வருவார்; சட்டத்தின் பிரிவும் சென்ற வருஷத்துத் தீர்மானமும் அவர் விரல் நுனியில் இருக்கும். கணக்கில் வல்லவரான தின்ஷா வாச்சா அவருக்கு வலக்கை போன்றிருந்தார். 1892-ல் தான்ஸா ஏரியின் தண்ணீர் பம்பாய்க்கு வந்தது. அத்தகைய பெருவேலைகள் ஒரு நாள் பிரஸங்கத்தால் ஆவன அல்ல. பல வருஷக் கூட்டங்களில், பல கமிட்டிகளில், தொகை தொகையாக வாதித்து முடிப்பவை.

ஓர் உதாரணம் கூறுவோம். நகரப் போலீஸின் செலவில் ஒரு பங்கைக் கார்ப்பரேஷன் கொடுக்க வேண்டுமென்று சர்க்கார் வற்புறுத்தி வந்தது. போலீஸாரை நியமிப்பதும் ஏவுவதும் சர்க்கார். பணம் மட்டும் நகரத்தாருடையதா என்று மேத்தா கேட்டார். அதிகாரம் யாரிடமோ செலவும் அவரிடமே இருக்கவேண்டும். நகரத்தின் பணம் நகரக் குழந்தைகளின் படிப்புக்கும் நோயாளிகளின் மருந்துக்கும் போகட்டும் என்று வருஷக்கணக்கில் வாதித்தார். கடைசியில் 1907-ல் இவ்வழக்கு அவர் காட்டிய திசையிலேயே தீர்ந்தது. மேலோடு பார்த்தால் இது ஒரு கணக்குத் தகராறு. உள்ளே பார்த்தால், வரி கொடுப்பவனுக்கும் அதிகாரம் செலுத்துபவனுக்கும் உள்ள சம்பந்தம் என்ன என்னும் கேள்வியே அது. சுயராஜ்யம் என்பதும் அதே கேள்வியின் பெரிய உருவமன்றோ!

1882-ல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சியை விரிவாக்க விரும்பித் தீர்மானம் வெளியிட்டார். ஆனால் 1887-ல் பம்பாய்ச் சர்க்கார் கொண்டுவந்த முனிசிபல் மசோதா நகரசபையின் அதிகாரத்தைக் குறைத்துக் கமிஷனரின் கையை ஓங்கச் செய்வதாயிருந்தது. மேத்தாவும் அவருடைய நண்பர் காசிநாத் திரியம்பக் தெலாங்கும் சட்டசபையில் அமர்ந்து, அம்மசோதாவைப் பிரிவு பிரிவாகப் பிடித்து வாதித்தனர். 1888-ல் அது சட்டமாக வெளிவந்தபோது அதன் உருவமே மாறியிருந்தது. நகர நிர்வாகத்தின் தலைமை கார்ப்பரேஷனுக்கே உரியதாயிற்று. அங்கத்தினர் தொகை 72 ஆயிற்று. சர்வகலாசாலைக்கும் வர்த்தக சபைக்கும் இடம் கிடைத்தது. பம்பாய் முனிசிபாலிடியின் தந்தை என்று மேத்தாவை வழங்குவதற்கு இச்சட்டமே தக்க ஆதாரம்.

நகரசபையில் பழகிய கை நாட்டின் காரியத்திலும் அவ்வாறே வேலை செய்தது. மேத்தா, தெலாங், பத்ருதீன் தயாப்ஜி ஆகிய மூவரும், ஒருவர் பார்ஸி, ஒருவர் ஹிந்து, ஒருவர் முஸ்லிம், பம்பாய்ப் பொது வாழ்வில் இணைபிரியாது நின்றனர். 1885 ஜனவரியில் பம்பாய் மாகாணச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்கள் அவர்களே. அவ்வருஷம் டிசம்பரில் முதல் காங்கிரஸ் மகாசபை பம்பாயில் கூடியபோது அதை வரவேற்று உபசரித்தது அச்சங்கமே. 1889-ல் பம்பாய் மகாசபைக்கு மேத்தா வரவேற்புக் கமிட்டித் தலைவர்; 1890-ல் கல்கத்தா மகாசபைக்கு அவரே அக்கிராசனர்.

1892-ம் வருஷச் சட்டசபைச் சட்டத்தால் பம்பாய்க் கார்ப்பரேஷனுக்கு மாகாணச் சட்டசபைக்கு ஒருவரைத் தெரிந்தனுப்பும் உரிமை வந்தது. 1893-ல் கார்ப்பரேஷன் மேத்தாவை அனுப்பிற்று. அங்கிருந்த உத்தியோகஸ்தரல்லாத அங்கத்தினர்கள் அவரை வைஸிராயின் சட்டசபைக்கு அனுப்பினர். தெருவிளக்கைப் பற்றிப் பேசிய அதே குரல் இவ்வாறு படிப்படியாக ஏறி இந்தியாவின் தலைமைச் சபையை எட்டிற்று. 1895-ல் போலீஸ் மசோதாவை அவர் எதிர்த்த முறை அச்சபைக்குப் புதிதாயிருந்தது. கலகப் பிரதேசம் என்று சர்க்கார் கருதிய இடங்களில், விசாரணையின்றியே ஜனங்களின் தலையில் போலீஸ் செலவைச் சுமத்த வழி செய்தது அம்மசோதா. மேத்தா உத்தியோகஸ்தர்களின் நடத்தையையே சந்தேகித்துப் பேசினார். நிதி அங்கத்தினர் ஸர் ஜேம்ஸ் வெஸ்ட்லாண்ட், இச்சபையில் இதுகாறும் இல்லாத ஒரு போக்கு நுழைந்துவிட்டதென்று வருந்தினார். நகரசபையில் கமிஷனரைக் கேள்வி கேட்டுப் பழகிய ஒருவருக்கு இந்திய சர்க்காரின் அங்கத்தினரும் மற்றோர் உத்தியோகஸ்தரே என்பதை அவர் அறியார் போலும்!

1901-ல் பம்பாய்ச் சட்டசபையில் நிலவரிச் சட்டத் திருத்த மசோதா வந்தது. பஞ்சத்தால் நொந்த குடியானவனின் நில உரிமையை அது கட்டுப்படுத்துவதாயிருந்தது. மசோதாவைப் பொதுஜன அபிப்பிராயத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கையைச் சர்க்கார் தள்ளியவுடன், மேத்தா எழுந்து வெளியேறினார். கோகலே முதலிய சிலர் அவரைப் பின்தொடர்ந்தனர். மிதவாதி என்று நாம் ஒதுக்கும் இம்மனிதர் சட்டசபையை விட்டு வெளிநடந்தது, ஒத்துழையாமை பிறப்பதற்கு ஏறக்குறைய இருபது வருஷங்களுக்கு முன் என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக.

காந்தியடிகளின் வாழ்விலும் மேத்தாவுக்கு ஓரிடம் உண்டு. 1896-ல் தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரத்தைச் சொல்ல வந்த அவ்விளம் பாரிஸ்டருக்குப் பம்பாயில் பொதுக்கூட்டம் கூட்டி வைத்தவர் மேத்தா. பேச்சை முன்கூட்டியே எழுதி அச்சிட்டுக் கொண்டு வரும்படி வற்புறுத்தினார். அது எவ்வளவு விவேகம் என்பது கூட்டத்தில் தெரிந்தது. காந்தியடிகளின் குரல் எழும்பவில்லை; வாச்சா அதை வாங்கிப் படித்தார்; செய்தி சபையை எட்டிற்று. 1901-ல் கல்கத்தா மகாசபைக்குச் செல்லும் ரயிலில் மீண்டும் சந்தித்தபோது, தென்னாப்பிரிக்காவைப் பற்றித் தீர்மானம் போடலாம், ஆனால் நம் நாட்டிலேயே நமக்கு அதிகாரமில்லாதபோது வெளிநாட்டில் என்ன மதிப்புக் கிடைக்கும் என்னும் கருத்தை மேத்தா தெரிவித்தார். காந்தியடிகள் பின்னாளில் அவரை ஏறுதற்கரிய இமயத்துக்கு ஒப்பிட்டார். வியப்பும் எட்டாத தன்மையும் கலந்த அவ்வொப்புமை மிகப் பொருத்தமானதே.

மேத்தாவின் செல்வாக்கு உத்தியோக வட்டாரத்தின் கண்ணை உறுத்தாதிருக்குமா? 1907-ல் அவரைக் கார்ப்பரேஷனை விட்டே விலக்க ஒரு கூட்டம் முனைந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் சர்க்காரின் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஹாரிஸன். ஜஸ்டிஸ்கள் தேர்ந்தெடுக்கும் 16 ஸ்தானங்களுக்கும் 16 பேர் கொண்ட ஜாபிதா தயாரித்து, கட்டுப்பாடாக வாக்குகளைத் திரட்டினார்கள். முடிவில் மேத்தா 17-வதாக நின்றார். நகரசபையை உண்டாக்கியவருக்கு அதில் இடமில்லை! பின்னர், வென்றவர்களில் ஒருவர் தகுதியற்றவர் என்று தீர்ந்ததால் மேத்தா மீண்டும் உள்ளே வந்தார். மாதந்தோறும் காகிதம் படித்து வாதிப்பவர் ஒருவர் எத்துணைப் பெரிய இடையூறாக உத்தியோகஸ்தர்களுக்குத் தோன்றினார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டா.

நிற்க. அதே வருஷத்தின் முடிவில்தான் சூரத் வந்தது. நாகபுரியில் கூட வேண்டிய மகாசபையைத் தம் செல்வாக்கு மிகுந்த சூரத்துக்கு மாற்றியதில் மேத்தாவின் கை இருந்தது. திலகர் பேச எழுந்தார், கூச்சல் எழுந்தது, மேடையை நோக்கி வீசப்பட்ட ஒரு செருப்பு சுரேந்திரநாத் பானர்ஜி மீதும் மேத்தா மீதும் பட்டது. மகாசபை கலைந்தது. அதன்பின் மிதவாதிகள் எழுதிய விதிகள் திலகர் கட்சியாரைப் பல வருஷங்கள் வெளியே நிறுத்தின. மேத்தா உயிரோடிருந்தவரை அக்கதவு திறக்கவில்லை. இது அவர் செய்த பெரும் பிழை என்பதில் நமக்கு ஐயமில்லை. 1871-ல் ஜனங்களுக்குப் பதில் சொல்லாத ஜஸ்டிஸ்களைக் கண்டித்தவர், 1907-ல் தாமே ஜனங்களின் புதிய எழுச்சிக்குப் பதில் சொல்ல மறுத்தார்.

இப்பிழையின் வேர் எங்கே இருக்கிறது? அவருடைய நகரசபையின் அமைப்பிலேயே இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். அக்காலத்தில் வாக்குரிமை குறிப்பிட்ட தொகை வரி கொடுப்போருக்கு மட்டுமே உண்டு. பம்பாயின் செல்வத்தை நூற்றெடுத்த ஆலைத் தொழிலாளி, துறைமுகத்தில் மூட்டை சுமந்த கூலி, தெருவைப் பெருக்கிய தோட்டி எவருக்கும் வாக்கில்லை. படித்தவரும் பொருளுள்ளவரும் கூடிய சபையில் வாதத்தால் வென்று பழகியவருக்கு, வாதத்துக்குள் அடங்காத ஜனசமுத்திரத்தின் ஓசை இரைச்சலாகவே கேட்டது. கமிட்டி அறையை நன்கு அறிந்தவர் தெருவை அறியாமல் போனார். தெருவை மட்டும் அறிந்து கமிட்டி அறையை அறியாத நம்மவர்க்கும் இதில் பாடம் உண்டு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேலை பாதியே.

கடைசிக் காலத்திலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1911-ல் இந்தியரின் முதலும் நிர்வாகமும் கொண்டு தோன்றிய ஸென்ட்ரல் பாங்கு ஆப் இந்தியாவின் முதல் தலைவரானார். 1913-ல் பம்பாய் கிரானிகிள் பத்திரிகையைத் தொடங்கி, ஹார்னிமனை அதன் ஆசிரியராக அமர்த்தினார். மிதவாதி வைத்த விதை பின்னர்த் தீவிர தேசியத்தின் பெருங்குரலாக வளர்ந்தது சரித்திரத்தின் விளையாட்டு. 1915 நவம்பர் 5-ந் தேதி மேத்தா காலமானார். அடுத்த மாதம் பம்பாயில் கூடிய மகாசபை விதிகளைத் தளர்த்திற்று. 1916-ல் லக்ஷ்மணபுரியில் இரு கட்சியாரும் ஒன்று கூடினர்.

1923-ல் நகரத்தார் அவருக்குச் சிலை எடுத்தனர். அதை நிறுத்திய இடம் கோர்ட்டு வாசலன்று, சட்டசபை வாசலுமன்று. கார்ப்பரேஷன் கட்டிடத்தின் முகப்பு. 1888-ம் வருஷச் சட்டம் பல திருத்தங்களோடு அந்நகரில் இன்றும் அமுலில் இருக்கிறது. வயது வந்த யாவருக்கும் வாக்குண்டு. ஆயினும் 2022-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சபையின் காலம் முடிந்த பின், மூன்று வருஷங்களுக்கு மேலாகத் தேர்தலே நடவாமல், சர்க்கார் நியமித்த அதிகாரியே அம்மாநகரை நிர்வகித்தார். 1871-ல் 26 வயது வாலிபர் எந்த ஏற்பாட்டை நோய் என்று சுட்டினாரோ, அது அந்நியர் ஆட்சி போய் எழுபது வருஷங்களுக்கு மேலான பின்னும் அவருடைய சிலைக்கு எதிரிலேயே திரும்பி வந்தது. அதை எதிர்த்து நாடு கிளர்ந்தெழவில்லை. சாக்கடையும் வரியும் சில்லறைக் காரியங்கள் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கு இது போதும்.

உரிமை என்பது ஒரு முறை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் நகையன்று. மாதந்தோறும் கணக்குக் கேட்பவன் இருக்கும் வரையில்தான் அது உயிரோடிருக்கும். மேத்தாவின் அரசியல் நமக்கு வேண்டாம். அவருடைய காகிதக் கட்டு வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்குச் செல்லும் நகரசபை அங்கத்தினர், புறப்படுமுன் நிகழ்ச்சிக் குறிப்பை ஒரு முறை முழுவதும் படிப்பாராக. அவரைத் தேர்ந்தெடுத்த தொண்டர்கள், கூட்டம் முடிந்தபின் அவரிடம் சென்று, அங்கே என்ன கேட்டீர் என்று வினவுவார்களாக.